வெடித்த சக்கரமும் உன் வலது கையும்

இன்று காலை திருகோணமலை வீதி இரும்புக் கடையில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி கைநழுவி விழுந்து இரண்டாகப் பிளந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், மணல் மணலாகப் பளபளத்தது. வாங்கப் போனதை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். மச்சான், மாத்தளை நீதிமன்றத்து மேசையில் அதே நிறத்தில் கிடந்த அந்தப் பெரிய துண்டை நீ மறந்திருக்க மாட்டாய்.

கொழும்பில் ஒன்றாகச் சட்டம் படித்தோம். ஊர் திரும்பியதும் நான் அடிபட்டவர்கள் பக்கம் நின்றேன். நீ இயந்திரம் செய்தவர்கள் பக்கம் நின்றாய். தேயிலை ரோலரோ, ரப்பர் மிஷினோ, எது எவன் கையைத் தின்றாலும் அதைச் செய்து விற்ற கம்பெனிக்காரர்கள் உன்னைத் தேடித்தான் வந்தார்கள். "மிஷின் தானா யாரையும் புடிச்சு இழுக்காது" என்பாய். காலையில் நீதிமன்றத்தில் என்னைக் கிழித்துப் போட்டுவிட்டு, மதியம் என் வீட்டுக்குச் சாப்பிட வருவாய். உனக்கென்று தனியாக மீன் ஆக்கி வைத்திருப்பாள் என் மனைவி.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில், இன்ஜினின் பெரிய சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. ஒரு துண்டு தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு மலைக்குள் போய் விழுந்தது. இன்னொன்று இன்ஜின் டிரைவர் செல்லையாவின் நெஞ்சை உடைத்தது. வேறொன்று ரோலரில் இலை போட்டுக்கொண்டிருந்த இளைஞனின் தலையை எடுத்துக்கொண்டு போனது. மறுநாள் நான் போனபோதும் சுவரில் இரத்தமும் பச்சை இலையும் ஒன்றாக அப்பியிருந்தன.

செல்லையாவின் மனைவி மாரியாயிக்காகவும் அந்த இளைஞனின் குடும்பத்துக்காகவும் சக்கரம் செய்தவர்கள் மேல் நான் வழக்குப் போட்டேன். உடைந்த துண்டின் ஓரத்தில் பழைய கருப்புக் கோடு ஒன்று ஓடியது. வார்க்கும்போதே விழுந்த விரிசல் அது என்பது என் வாதம். டிரைவர் அளவுக்கு மீறி வேகமாக ஓட்டியதால்தான் வெடித்தது என்பது உன் வாதம். பார்த்த சாட்சி உன்னிடம் கிடையாது. அதனால் மாரியாயியைக் கூண்டில் நிறுத்தி, அவள் புருஷன் குடிப்பானா என்று மெதுவாகக் கேட்டாய்.

"சம்பளத்தன்னிக்கு குடிப்பாருங்க" என்றாள்.

சக்கரம் வெடித்தது சம்பளத்துக்கு மறுநாள். நீ வேறு கேள்வி கேட்கவில்லை. நீதிபதியைப் பார்த்து லேசாகத் தலை குனிந்துவிட்டு உட்கார்ந்தாய். பின்வரிசையில் இருந்த அந்த இளைஞனின் அண்ணன் வேலு எழுந்து வெளியே போனான். நீயும் நானும் அதைப் பார்த்தோம்.

மறுநாள் மதியம் நீ என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோட்டத்துக் கங்காணி ஓடி வந்தார். குடித்துவிட்டு ஓட்டி எங்கள் பிள்ளையைக் கொன்றவன் பெண்டாட்டி என்று சொல்லி, வேலுவின் ஆட்கள் மாரியாயியின் லயத்து வீட்டைச் சூழ்ந்துவிட்டார்களாம். அவள் உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். நீ கைகூடக் கழுவவில்லை. கறுப்புக் கோட்டோடு உன் காரில் ஏறினாய். நானும் ஏறிக்கொண்டேன்.

நாம் போய்ச் சேர்வதற்குள் கதவை உடைத்து, மாரியாயியின் தலைமுடியைப் பிடித்து வாசல் இஸ்தோப்புத் திண்ணைக்கு இழுத்து வந்து போட்டிருந்தார்கள். அவள் மண்டை பிளந்து ஒரு கண் இரத்தத்தில் மூடியிருந்தது. பெண்களும் அடித்தார்கள். வேலு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றான். நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாய்.

"அவரு குடிச்சிட்டு ஓட்டினார்னு எனக்குத் தெரியாது, வேலு. அது தெரியாமலே கோர்ட்டுல அப்படி நினைக்க வச்சேன். வெட்டணும்னா என்னை வெட்டு."

அவன் வெட்டினான். கழுத்துக்கு வந்த வெட்டை உன் வலது கை தடுத்தது. எலும்பில் கத்தி இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கை மணிக்கட்டிலிருந்து தோலில் தொங்கியது. நீ விழுந்ததும் கல்லாலும் விறகாலும் அடித்தார்கள். உன்னைத் தூக்கக் குனிந்த என் வாயில் ஒரு கல் பட்டுப் பற்கள் உதிர்ந்தன. அப்போது மாரியாயி தவழ்ந்து வந்து உன் மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். சேலைத் தலைப்பைக் கிழித்து உன் கையில் இறுக்கிச் சுற்றினாள். "போதும்டா, போதும்டா" என்று தரையைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் இரண்டு பேரின் இரத்தமும் ஒன்றாகப் படிக்கட்டில் இறங்கியது. அதைப் பார்த்துத்தான் கூட்டம் பின்வாங்கியது. முதலில் கத்தியைப் போட்டது வேலுதான்.

கண்டி ஆஸ்பத்திரியில் உன் கையை எடுத்துவிட்டார்கள். வேலுவின் விசாரணையில் நீ சாட்சி சொன்னாய். அவன் வெட்டியதை மறைக்கவில்லை. அதற்கு முன் கூண்டில் நின்ற ஒரு பெண்ணிடம் நீ என்ன கேட்டாய், ஏன் கேட்டாய் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாய். தூக்குக் கயிறு வரை போகாது என்றாலும் ஆயுள் முழுக்க உள்ளே கிடப்பான் என்று ஊர் பேசியது. சில வருடங்களில் அவன் வெளியே வந்தான்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே சக்கர வழக்கில் நான் தோற்றேன். உனக்குப் பதில் கொழும்பிலிருந்து வந்தவர் உன் கேள்வியை வைத்தே ஜெயித்தார். அன்று உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. ஆஸ்பத்திரிக்கு வந்து தீர்ப்பைச் சொன்னேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

அதற்குப் பிறகும் நீ பக்கம் மாறவில்லை. இடது கையால் எழுதப் பழகி, அதே கம்பெனிக்காரர்களுக்காக எனக்கு எதிரே வந்து நின்றாய். முன்னைவிடக் கடுமையாகவே வாதாடினாய். ஆனால் பிரேதமாகிவிட்ட தொழிலாளியின் மேல் பழியைப் போடச் சொன்னவர்களின் வழக்கை மட்டும் நீ தொடவில்லை. "சக்கரத்துக்காகப் பேசுவேன் மச்சான், செத்தவனுக்கு எதிராப் பேச மாட்டேன்" என்றாய் ஒருமுறை. அதனால் பெரிய கம்பெனிகள் உன்னை விட்டுப் போயின. நீ அதைப் பற்றி முறையிட்டு நான் கேட்டதில்லை.

போன மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, நெற்றியில் பழைய தழும்போடு ஒரு மலைநாட்டுப் பெண் உள்ளே வந்தாள். வெறுமையாகக் கிடந்த உன் வலது சட்டைக்கையின் முனையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யாரம்மா நீ என்று உன் தங்கை கேட்டாள்.

"எங்க வக்கீலய்யாங்க இவரு" என்றாள் மாரியாயி.

அவளுக்காக வழக்காடியவன் நான். பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னையும் பார்த்தாள், பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு ஒரு கணம் வலித்தது. பிறகு, அதை நீ கேட்கவில்லையே என்பதுதான் வலித்தது. எத்தனையோ தீர்ப்புகளை உன்னிடம் கொண்டுவந்து சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. என்னோடேயே வைத்திருக்கிறேன்.