நாலடிக்காரியின் கவசம்

ஏய் பண்டல் கடைக்காரி,

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. நான் பாச்சை உருண்டை வாங்குவதே இல்லை. மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியை விற்கும் உன் பண்டல் கடையில் எடுத்த கம்பளிச் சட்டையின் வேலை அது. நாலு தடவை துவைத்தும் போகவில்லை. நீ போய் மூன்று மாதமாகிறது. அதற்குள் உன்னை வைத்து ஒரு சண்டையும் போட்டு முடித்துவிட்டோம். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சண்டை நம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில்தான். தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு, வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த கற்பனை உலகத்தில் ஆளுக்கொரு வீரராக அலைவோமே, அதில். நாற்பதை நெருங்கியவர்களுக்கு இது எதற்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஏழு வருடம் ஆட்டத்தை நடத்தியவள் நீ. மற்ற குழுக்கள் ஆடும்போது அரக்கன் செத்த மறுநொடி அவன் கவசமும் வாளும் பூட்ஸும் கொன்றவரின் தாளில் ஒரே வரியில் ஏறிவிடும். உன்னிடம் அந்தக் கதை நடக்காது. கடையில் மூட்டையைப் பிரிக்கிற அதே கண்ணோடு செத்தவன் உடையைப் பார்ப்பாய். எங்கே கிழிசல், எங்கே கறை, யார் உடம்புக்கு வெட்டியது? "ஏழடி அரக்கன் சட்டை ஒனக்கு எப்படிடி பொருந்தும்? நைட்டியாப் போட்டுக்கப் போறியா?" என்பாய். அதைக் கழற்ற ஆகும் நேரத்தில் வேறு எவன் வந்து சேருவான் என்று பகடையை வேறு உருட்டுவாய்.

அதோடு பெரட்டு. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெயர் அது. உன் அம்மா அந்த வரிசையில் நின்றவர். நீ அந்தச் சொல்லை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டாய். சண்டை முடிந்ததும் "பெரட்டு!" என்று கத்துவாய். கையில் என்ன, இடுப்பில் என்ன, முதுகில் என்ன என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாத பொருள் எங்களுடையது இல்லை. ஒருமுறை குமரன் மூன்று இரும்புக் கவசங்களைச் சுமப்பதாகச் சொன்னான். "ரப்பர் பால் நெறஞ்ச காண்டா வாளி ரெண்டத் தோள்ல தூக்கி மேடு ஏறுனாலே எங்கம்மாவுக்கு மூச்சு வாங்கும். நீ மூணு கவசத்தோட மதில் ஏறுறியா? கீழ வைலா!" என்றாய். முணுமுணுத்துக்கொண்டே வைத்தான்.

நான் செய்த கூத்தையும் மறக்கவில்லை. எதிரித் தளபதியின் சிவப்பு அங்கி எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நம் கோட்டை வாசலுக்குப் போனேன். நம் வில்லாளிகளே என்னை அடித்துச் சாய்த்தார்கள். நான் அழாத குறை, நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பண்டல்ல எடுத்த பள்ளிக்கூடச் சட்டையில பழைய பேட்ஜப் பிரிக்காமப் போட்டா, பாக்குறவன் என்னடி நெனப்பான்?"

போன வருடம் "எனக்கும் சண்டை போடணும்லா" என்று ஆட்டத்தைக் குமரனிடம் கொடுத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தாய். நாலடி உயரத்தில் ஒரு கொல்லர் குலத்துப் பெண்ணாக. பேர் யோசிக்கச் சோம்பல்பட்டு அவளுக்கும் உன் பேரையே வைத்தாய். கவசம் அவளே அடித்தது என்று தாளில் எழுதினாய். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

போன மாதம் புந்தோங்கில் குமரன் வீட்டில் மறுபடி கூடினோம். அவன் உன் தாளை எடுத்து நடுவில் வைத்தான்.

"கடைசியா நாம நின்ன குகையில இந்த நாலடிக்காரி செத்துட்டான்னு வச்சுக்குவோம். நல்ல கவசம். செல்வி போட்டுக்கட்டும். சுத்தியல் ஒனக்கு."

செல்விதான் நம்மில் நெட்டை. "அவளுக்கு எப்படிடா பொருந்தும்?" என்றேன்.

"வெளையாட்டுத்தானே, விடுலா. இனிமே எல்லாம் எல்லாருக்கும் பொருந்தும். அவ சட்டமெல்லாம் அவளோட போச்சு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆத்திரம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து "பெரட்டு!" என்று கத்தினேன்.

"அது நாலடிக்கு அடிச்ச இரும்பு. பதினாலு வார் இருக்கு. யாரு அவுக்குறது? செல்வி, நீ அவுக்குறியா? அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே அவுக்குறியா?"

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு வேணாங்கா."

குமரனும் லேசுப்பட்டவன் இல்லை. "சரி, அங்கேயே கெடக்கட்டும். நாம போனதும் அரக்கனுங்க வந்து உருவிட்டுப் போவானுங்க. விட்டுட்டுப் போனது நம்மளுது இல்ல, அதுவும் அவ சட்டம்தானே?"

அவன் சொன்னது சரி. அந்த நேரத்தில் அவன் மேல் இருந்ததைவிட உன் மேல்தான் கோபம் வந்தது. இப்படி ஒரு சட்டத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டு யாராவது போவார்களா?

"நான் தூக்கிட்டு வாரேன்."

"கவசத்தையா?"

"ஆளோட. அவ ஊர்ல கொண்டுபோய்ப் பொதைக்கிறேன்."

எடையைக் கூட்டிப் பார்த்தோம். என்னால் முடியாது என்று வந்தது. என் தாளில் இருந்த வாளை அழித்தேன். போதவில்லை. கேடயம், கூடாரம், கயிறு என்று இத்தனை வருடமாகச் சேர்த்ததையெல்லாம் ரப்பரால் தேய்த்து அழித்தேன்.

"அவ ஊருக்கு மூணு நாள் மலை ஏத்தம். வெறுங்கையோட போனா செத்துருவ," என்றான் குமரன்.

"செத்தா ரெண்டு பொணத்த வச்சுக்கிட்டு நீ என்ன பண்றேன்னு பாக்குறேன்."

அவன் பெருமூச்சு விட்டுப் பென்சிலை எடுத்தான். "கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"இடுப்புல?"

"ஒண்ணும் இல்ல."

"முதுகுல?"

உன் பேரைச் சொன்னேன். அதை எழுதி முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்குப் பிறகு நாலு ஞாயிறு ஆகிவிட்டது. எல்லோருக்கும் பின்னால் பாதி வேகத்தில் வருகிறேன். இரண்டு தடவை அடிபட்டேன், திருப்பி அடிக்கக் கையில் ஒரு குச்சிகூட இல்லை. இறக்கி வைத்துவிட்டு ஓடிவிடச் சொல்லி செல்வி கெஞ்சியும் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் ஏற்றம் பாக்கி இருக்கிறது. ரொம்பக் கனக்கிறாய். ஆனாலும் இறக்க மாட்டேன், போடி.