விலை குறையட்டும் என்று நான் சொன்னது

பாப்பா,

நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முப்பத்தாறு வயதுக்காரியைப் பாப்பா என்று எழுதாதே என்று போன கடிதத்துக்கே சொன்னாய், கை பழகிவிட்டது, விடு. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. மூன்று நாள் சூப்பைக் குடித்துக்கொண்டு, உலகத்தில் யாருக்கும் வராத வலி தனக்கு மட்டும் வந்துவிட்டதுபோல உட்கார்ந்திருந்தார், நான்காம் நாள் சமையலறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டது, அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம் அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் ஈரம், சொல்லியிருக்கிறோம், வருகிறேன் வருகிறேன் என்கிறான் குழாய்க்காரன்.

போன வாரம் போனில், ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய். சளி என்று சொல்லிவிட்டேன். சளியெல்லாம் ஒன்றுமில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ அங்கே பதறிப்போவாய். எழுதினால் நடுவில் நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொள்ளலாம், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் ஷோரூமில் போன வருஷம் எலக்ட்ரிக் கார் வந்தது உனக்குத் தெரியும். உயரமான பெரிய வண்டி, கண்ணாடிக் கதவுக்கு நேரே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், என் மேசை அதற்கு எதிரில். விலைப் பட்டியல் அடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பது என் வேலை என்பதால் வருகிற எல்லோரும் கடைசியில் என் நாற்காலிக்குத்தான் வருவார்கள். வருகிற கூட்டத்துக்குக் குறைவே இல்லை. கதவைத் திறந்து உட்காருவார்கள், பெரிய திரையைத் தடவிப் பார்ப்பார்கள், நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது, ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். விலையைச் சொன்னதும் வீட்டில் கலந்துகொண்டு வருகிறோம் என்று போவார்கள். அந்த வீட்டில் என்னதான் கலந்தார்களோ, திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு ஜோடி மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தது. அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக், வாழ்நாள் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அந்த அம்மா டெய்லர், எழுபது வயது இருக்கும், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார், நான் அக்கா என்பேன். முதல் நாளே பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து, தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்று அளந்தார். விற்பனைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், காருக்குச் சட்டை தைக்கப் போறாங்க போல என்று ஒருத்தன் முணுமுணுத்தது எனக்கே கேட்டது, அக்காவுக்குக் கேட்காமலா இருக்கும். அவர் திரும்பி, சட்டை இல்லப்பா, முதுகுத்தண்டுல ஆணி வச்சு ஆபரேஷன் ஆன பொம்பளை, குனிஞ்சு ஏறுற வண்டியில ஏற முடியாது, அதான் பாக்குறேன் என்றார். அந்தப் பையன் முகம் செத்துப்போயிற்று. பெட்ரோல் வண்டி உயரமாக இருந்தாலும் இன்ஜின் நடுக்கம் அக்காவின் முதுகில் ஏறுமாம், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காதாம். இந்த வண்டியில் அந்த நடுக்கம் இல்லை. எங்கள் சோதனை ஓட்டத்தில் இருபது நிமிஷம் போய்விட்டு வந்து இறங்கியபோது அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மெக்கானிக் ஐயா மட்டும் கெத்தாக, இதுல என்னம்மா அதிசயம், படுத்துக்கிட்டு ஓடுற லிஃப்ட் தானே என்றார்.

அக்காவுக்கு ஒரே ஒரு கூடப்பிறந்தவள், மூத்தவள், நாலு மணி நேரப் பயணத்தில் தனியாக இருக்கிறார். ஆபரேஷன் ஆன பிறகு ஆறு வருஷமாக இவரால் அங்கே போக முடியவில்லை. மூத்தவருக்கும் அதே முதுகு, அவராலும் வர முடியாது. போனில் பேசுவதோடு சரி. வாடகைக்கு இப்படி ஒரு வண்டி எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால்தான் சேமிப்பை எடுத்து இதை வாங்குவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். வேறு எங்கே போகப்போறோம் தங்கச்சி, அவளை ஒரு தடவை கட்டிப் புடிச்சுட்டு வரணும், அவ்வளவுதான் என்று அக்கா சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அப்போது அரசாங்க மானியம் ஒன்று இருந்தது. ஒரு விலைக்குக் கீழே இருக்கிற எலக்ட்ரிக் வண்டிக்குத்தான் அது, மாசக் கடைசிக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும், அதற்கு அப்புறம் கிடையாது. அந்தக் கடைசி வாரம் ஷோரூம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அதுவரை யோசித்தவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள், கலரைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். மானியம் முடியப்போகுதுன்னு சொல்லுங்க, பழைய லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் போன் போடுங்க என்று மேனேஜர் என் தலைமேல் நின்றார். அந்தக் கூட்டத்தில்தான் அவர்கள் இருவரும் முன்பணத்துக்குக் காசோலையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்கள். பதினைந்து நாளில் வண்டி கைக்கு வந்திருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது பாப்பா. முந்தின நாள்தான் கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை வந்தது, புது விலையைக் கணினியில் ஏற்றி வைக்க வேண்டும் என்பதால் எனக்கு மட்டும் காட்டினார்கள். மானியம் நின்றதும் யாரும் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனிக்கே தெரியும், அதனால் இரண்டு மாதத்தில் அவர்களே விலையைக் குறைக்கப்போகிறார்கள், மானியத்தைப் போல இரண்டு மடங்கு குறைப்பு, வீட்டில் சார்ஜ் செய்கிற பெட்டியும் இலவசம். வெளியே மூச்சு விடக் கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அக்கா காசோலையை நீட்டுகிறார், அந்த விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருக்கிறது. நாற்பது வருஷம் அடுத்தவர் துணியைத் தைத்துச் சேர்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, அக்கா, ரெண்டே ரெண்டு மாசம் பொறுங்க, நான் சொல்றேன், நிறையக் குறையும் என்று காதோடு சொன்னேன். மெக்கானிக் ஐயா யோசித்தார், இன்னிக்கே முடிச்சிடலாமே என்றார். அக்காதான் காசோலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஆறு வருஷம் பொறுத்த முதுகுக்கு ரெண்டு மாசம் என்ன பெருசு, தங்கச்சி நம்ம நல்லதுக்குச் சொல்லுது என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் நல்லா செஞ்சே என்றார்.

மானியம் முடிந்த மறுநாளிலிருந்து ஷோரூமில் ஈ காக்கை இல்லை. பின்பக்க முற்றத்தில் வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் தூசி படிந்தது. நின்ற இடத்திலேயே சார்ஜ் இறங்கும் என்று காவலாளி முறை வைத்து ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார், ஓடாத மாட்டுக்குத் தீனி போடுற மாதிரி இருக்கும்மா என்பார். இரண்டு மாதம் என்று சொன்ன விலைக் குறைப்பு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்தது. அக்கா நடுவில் இரண்டு தடவை போன் செய்தார், அவசரம் ஒன்றும் இல்லை என்பார், வண்டி ஜன்னல் அளவைச் சொல்லு, திரை தைச்சு வச்சிடுறேன் என்று கேட்டார், அளந்து சொன்னேன். மூன்றாவது மாதம் கடைசியில்தான் புது விலை வெளியே வந்தது. வந்த அன்று காலை, நான் கைப்பையைக்கூட வைக்கவில்லை, முதல் வேலையாக அக்கா நம்பருக்குப் போட்டேன். எடுத்ததும், அக்கா, வந்தாச்சு, குறைச்சுட்டாங்க, இன்னிக்கே கிளம்பி வாங்க என்று படபடவென்று சொல்லிவிட்டேன். பேசியது ஐயா. அவ இல்லையேம்மா, போயி பதினோரு நாள் ஆச்சு என்றார். மத்தியானம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். கடைசியாக முகம் பார்க்க மூத்தவரை அழைத்து வரவும் வழியில்லையாம். போனைப் பிடித்தபடி நிற்கிறேன். அவரே கேட்டார், எவ்வளவு குறைச்சிருக்காங்கம்மா என்று. ஏன் கேட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சொன்னேன். நல்லா குறைச்சிருக்காங்க என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அன்று முழுக்க என்னால் ஒரு விலைப் பட்டியல்கூட ஒழுங்காக அடிக்க முடியவில்லை. சாயங்காலம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாமல் நாலு அலமாரியைத் திறந்து பார்த்தார். நீங்க நல்லதுக்குத்தாம்மா சொன்னீங்க, அவளும் கடைசி வரைக்கும் அதைத்தான் சொன்னா என்றார். திரும்பி நடந்து வரும்போது அப்பாவிடம், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா என்று கேட்டேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, சும்மா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்காக வருத்தப்படாதேன்னும் சொல்ல மாட்டேன், வருத்தப்பட வேண்டிய விஷயம்தான் என்று சொல்லிவிட்டு, தெரு முனை வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அதே நேரத்துக்கு, ஐயா தனியாக ஷோரூமுக்கு வந்தார். வண்டி வேணும்மா என்றார். நான் பதறி, இப்ப எதுக்குங்க உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன், விற்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது. அவ அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாலும் அந்த முதுகோட வழியில்லாம கெடக்கிறாங்க, தங்கச்சி வருவான்னு காத்திருந்தவங்க, நானாவது போறேன் என்றார். வண்டியை எடுக்கிற நாளில் எங்கள் ஆட்கள் வழக்கம்போல ரிப்பன் கட்டி, போட்டோ எடுக்க நிறுத்தினார்கள். புதிதாகச் சேர்ந்த போட்டோக்காரப் பெண், மேடம் வரலையா சார் என்று கேட்டுவிட்டாள். வரலைம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக நின்றார். அந்தப் பெண்ணின் மேல் என்ன குற்றம், அவளுக்கு என்ன தெரியும்.

நேற்று ஞாயிறு. முதல் தடவை அவ்வளவு தூரம் தனியாக ஓட்டத் தயக்கமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று எங்களைக் கேட்டார், போனோம். வழியெல்லாம் அவர் பேசவில்லை, வண்டியும் சத்தம் போடவில்லை, உள்ளே நாங்கள் மூச்சு விடுவது எங்களுக்கே கேட்டது. மூத்தவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தார், அச்சு அசல் அக்காவின் முகம். வண்டியில் ஏற்றி அந்தத் தெருவிலேயே ஒரு சுற்றுச் சுற்றினோம். மூத்தவரின் கை ஐயா மாட்டியிருந்த ஜன்னல் திரையைத் தொட்டது, மடிப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார், இது அவ போட்ட தையல் என்றார். வீடு திரும்பும் வரை அந்தத் துணியை விடவே இல்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் சார்ஜ் போட நாற்பது நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. அப்பா காபி வாங்கப் போனார். நானும் ஐயாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு இளம் தம்பதி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, இது நல்லா ஓடுதா ஆன்ட்டி, இன்னும் விலை குறையும்னு சொல்றாங்களே, இப்ப வாங்கலாமா, பொறுக்கலாமா என்று கேட்டார்கள். பதினேழு வருஷம் விலை சொன்ன வாய் எனக்கு, திறக்கவே இல்லை. ஐயாதான் பதில் சொன்னார், வண்டி நல்லா ஓடுது, விலையைப் பத்தி எனக்குத் தெரியாதுப்பா என்று. அவர்கள் போன பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, அன்னிக்கே எடுத்திருந்தா ஒரு தடவை போயிருப்போம்மா, ஒரு தடவைதான் என்றார். குறை சொல்லும் குரலில் இல்லை, கணக்கில் ஒரு எண்ணைச் சரி பார்க்கிற மாதிரி. நான் ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது பாப்பா. ஆமாங்க என்பதை அவருக்கு நான் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றிற்று. அப்பா மூன்று காபியோடு வந்து நின்றார், எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தார்.

சொல்லிவிட்டேன், கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது. நீ உடனே போன் போட்டு ஆறுதல் சொல்லாதே, இரண்டு நாள் போகட்டும். உனக்கு எழுதின எல்லாக் கடிதத்திலும் கடைசி வரியாக, லீவு கிடைத்து டிக்கெட்டும் மலிவானால் வா, சௌகரியப்பட்டபோது வா என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இன்றைக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. வா.

நீயும் மாப்பிள்ளையும் என் தங்கப் பேத்தியும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நிறைவாக இருங்கள். பாஸ்போர்ட்டின் தேதி முடிந்துவிட்டதா என்று இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எடுத்துப் பார்.

உன் பக்கத்தில் இல்லாத குறை தவிர வேறு குறையில்லாத
அம்மா

(அப்பா பக்கத்தில் நின்று, பல் வலியைப் பற்றி நான் கேலியாக எழுதியிருக்கிறேன் என்று முறைக்கிறார். தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.)