அண்ணன் செய்த கிளட்ச் கம்பி

அன்புள்ள அண்ணே,

போன வாரம் உங்கள் மோட்டார் சைக்கிளைப் பதுளைக்குக் கொண்டுபோனோம். சும்மா நின்றே எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்து, கிளட்சைத் தள்ளிப் பிரிக்கிற உள் கம்பியை உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, இது கடையில வாங்குன சாமான் இல்லயே. நுனி கொஞ்சங்கூட நசுங்கல. யாரு செஞ்சது?”

“எங்கண்ணன்” என்றேன்.

நீங்கள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஃபெக்டரி ஃபிட்டர். நான் அதே தோட்டத்து மருத்துவிச்சி. தொண்ணூறுகளில் தோட்டத்து லொறி ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். எந்த லயத்து வரிசை வீட்டிலாவது ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால், கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் பழைய இங்கிலாந்து வண்டியை உதைப்பீர்கள். பையை அணைத்தபடி நான் பின்னால் ஏறுவேன். உங்கள் சட்டையில் தேயிலைத் தூளும் கிரீசும் கலந்து மணக்கும். பனிமூட்டத்துக்குள் ஹார்னை அடித்துக்கொண்டே போவீர்களே, இப்போதும் அந்தச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது.

கிளட்ச் கம்பி தேய்ந்ததும் கொழும்பிலிருந்து ஒன்று வரவழைத்தீர்கள். பளபளவென்று இருந்தது. “அரத்தால ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு வண்டியில பூட்டுறேன் பாப்பா. அரம் வழுக்குனா நல்ல உருக்கு. கடிச்சா ஆகாது” என்றீர்கள். “எனக்கு கிளினிக்குக்கு நேரமாச்சு, மொதல்ல பூட்டுங்க” என்று விரட்டியது நான்தான்.

இரண்டு வாரம் கழித்து தோட்டத்தின் மேல் டிவிசனில் லெட்சுமிக்கு வலி கண்டது. கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் செத்துப்போய், கியர் மாற்ற முடியாமல் வண்டி நின்றுவிட்டது. இரண்டு மைல் ஏற்றத்தை ஓட்டமும் நடையுமாக ஏறினோம். நாம் போவதற்குள் பிள்ளை பிறந்திருந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, அடிவயிற்றைப் பிசைந்து, தேயிலைக் கொழுந்து ஏற்ற வந்திருந்த லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டாள்.

லொறி போனதும், லயத்து வாசலில் அத்தனை பேருக்கும் முன்னால் நான் கத்தினேன்: “உங்க ஓட்ட வண்டிய நம்பி வந்தேன் பாருங்க! ஒரு உசிரே போயிருக்கும்!”

யார் அவசரப்படுத்தியது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வண்டியைத் தள்ளப் போனீர்கள்.

கம்பியைக் கழற்றினால், இரண்டு நுனியும் காளான் போலப் பரந்திருந்தது. “வெறும் மெது இரும்பு. பதமே ஏத்தல” என்றீர்கள். ஃபெக்டரியில் ஒதுக்கிப்போட்ட ஓர் உருக்குக் கம்பியை அளவுக்கு அறுத்தீர்கள். முதல் தடவை முழுக்கம்பியையும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினீர்கள். ஒரு தட்டுத் தட்டியதும் கண்ணாடி மாதிரி உடைந்தது. அடுத்ததில் நுனிகளை மட்டும் காய்ச்சி எண்ணெயில் முக்கி, திரும்பவும் இளஞ்சூட்டில் வாட்டினீர்கள், வைக்கோல் நிறம் வரும்வரை. பிறகு அரத்தை என் கையில் கொடுத்து, “நீயே இழுத்துப் பாரு” என்றீர்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனது. நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரித்தேனா? ஞாபகமில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

லெட்சுமியின் அடுத்த பிரசவத்துக்கும் நீங்கள்தான் கூட்டிப்போனீர்கள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பெண் பிள்ளை. அவள் இப்போது வெலிமடையில் பள்ளிக்கூட டீச்சர்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. இத்தனை காலத்தில் ஒரு தடவையாவது என்னைத் திருப்பிக் கேட்டிருக்கலாமே அண்ணே? ஏன் கேட்கவில்லை?

அன்று அங்கே நின்றவர்களில் பலர் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்கள். இன்றைக்கும் அவர்களுக்குத் தவறு உங்களுடையது. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் எல்லோரும் படிக்கக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு மேல் டிவிசனுக்குப் போய், அதே வாசலில் நின்று, விரட்டியது நான்தான் என்று என் வாயாலேயே சொல்லுவேன். சத்தியம்.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கை,
பாக்கியம்