செல்வி அக்காவின் தூக்கம்

ஆனி 12, வியாழன்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் செல்வி அக்கா, கணவர் தவறிப்போனதிலிருந்து தூக்கமில்லாமல் என்னிடம் கவுன்சலிங்குக்கு வருகிறார். நான் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறேன், படிப்பு முடித்துப் பதிவு செய்த பிறகுதான் தனியாகப் பார்க்க முடியும் என்று சென்ற வாரம் அவரிடம் சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும், அது விதி.

இன்று வந்ததுமே, "இப்பல்லாம் நல்லாத் தூங்குறேங்க," என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சந்தோஷப்பட்டேன், மடச்சி.

கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "நான் சரியாயிட்டேன்னு சொன்னா உங்களுக்கு லைசென்ஸ் குடுத்துருவாங்கள்ல?"

அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன். சிவந்து கிடந்தன. அதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும். எனக்காக நீங்க தூங்க வேணாம், அக்கா. தூங்காமயே வாங்க.