நோர்வேக்குப் போய் வந்த கடிதம்

டோர்ட்மண்ட்,
12.10.2009

அன்பு மகன் நிஷாந்தனுக்கு,

அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுச் சியாமளா எழுதுகிறாள். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையுமில்லை, கனடாக் குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்க வேண்டுமென்று விளக்குக் கொளுத்தும்போதெல்லாம் முருகனிடம் கேட்கிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. அக்கா அஜிதாவின் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. எங்கள் மோட்டார் சைக்கிள் இன்னும் பின்முற்றத்தில்தான் நிற்கிறது, எடுக்கச் சொல்லி வீட்டுக்காரன் இரண்டு தரம் சத்தம் போட்டுவிட்டான், எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு டெலிபோனில் நீ அழுததிலிருந்து சோறு இறங்கவில்லை. கடிதம் காட்ட வேண்டாமெண்டு நான் சொன்னபடியால்தானே அம்மா போனவ என்றாய். ஆறு வருஷமாக இதையா மகன் சுமந்துகொண்டு திரிந்தாய்? அது உன்னுடையது இல்லை, என்னுடையது. கேள்.

அக்கா கலியாணம் முடித்துப் போனபின் வீட்டுக்கு வந்த ஜெர்மன் கடிதமெல்லாம் நீதான் வாசித்தாய், கரண்டுக் கடிதம், விசாக் கடிதம், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி நாள் குறித்த டெர்மின் கடிதம் எல்லாம். உன் பதினாறு வயசில் நாங்கள் இரண்டு பேரும் திமிங்கிலம் பார்க்க மோட்டார் சைக்கிளில் நோர்வேக்கு வெளிக்கிடும்போது நீ கேட்டது ஒன்றே ஒன்று, இந்த ரெண்டு கிழமையும் எனக்கு ஒரு கடிதமும் காட்டக்கூடாது அப்பா என்று. ஓம், பிள்ளைக்கும் லீவு வேணும்தானே என்று அம்மா சிரித்தா. வெளிக்கிட்ட அந்தச் சனிக்கிழமை காலை அவ வேலைக்குப் போனபின் தபால்காரி ஒரு கடிதத்தை என் கையில் தந்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் உறையின் மூலையில் நீல வட்டம், அதற்குள் இரண்டு கை, அந்தக் குறியை அதற்கு முதல் ஒன்பது தரம் கண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கடிதம் என்று தெரிந்துதான் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தேன். காட்டினால் பயணம் நின்றுவிடும் என்று பயம்.

டென்மார்க், பிறகு கப்பல், பிறகு மலை, மலை, மழை. நீ பின்னுக்கிருந்து பலகைகளை வாசித்து இடத்தோளில் தட்டினால் இடம், வலத்தோளில் தட்டினால் வலம். ஆறாம் நாள் படகில் ஏறினோம். அந்த மிருகம் மூச்சு விட்டுவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு தாழ்ந்தது. நீ என்னைக் கட்டிப்பிடித்துச் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினாய். கடிதம் நெஞ்சில் நெரிபட்டது. அப்போதாவது நீட்டியிருக்கலாம். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்ன நாளுக்கு அன்றைக்கும் இரண்டு நாள் இருந்ததாம், பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் நீ அதை வாசித்ததும் முகம் வெளிறி, ஏனப்பா காட்டேல்லை என்றாய். நீதானே வேண்டாமெண்டனீ, நான் விளம்பரமெண்டு நினைச்சன் என்றேன். அதுக்கென்னடா, வேற நாள் தருவினம் என்று அம்மாதான் உன் தலையைத் தடவினா. மூன்று கிழமை கழித்துத்தான் தந்தார்கள். அன்றைக்கு டாக்டர் கனநேரம் கதைத்தார், நீ எங்களுக்கு மாற்றிச் சொன்னது ஒரு வசனம், மருந்து தருவினமாம் என்று. மிச்சத்தை நான் கேட்கவில்லை. உன் வாயைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த வருஷக் கார்த்திகையில் அம்மா போய்விட்டா.

விளம்பரம் என்றது பொய் மகன். தெரிந்துதான் வைத்தேன். கோபம் வந்தால் என்னோடு கோபி, டெலிபோனில் பேசாமல் விட்டாலும் பரவாயில்லை, உன்னோடு நீ கோபியாதே. சியாமளா எழுதாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுது பிள்ளை என்கிறேன்.

திவசத்துக்கு வர முடிந்தால் வா, வராவிட்டாலும் அன்றைக்கு மரக்கறி சாப்பிடு. தொப்பி போடாமல் வெளியில் போகாதே. நீ நீண்ட ஆயுளோடு, பாரமில்லாமல் வாழ வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கிடைத்த அன்றே வாசி.

இப்படிக்கு,
உன் அப்பா
கதிர்காமநாதன்