நாலு நாள் பை

ஆகஸ்ட் 31, ஞாயிறு

டிக்கெட் உறுதியாகிவிட்டது. செப்டம்பர் 30 மாலை சென்ட்ரல், மறுநாள் நாக்பூர், அக்டோபர் 2 தீட்சா பூமியில் பௌத்தம் தழுவிய நாள் விழா, 3-ஆம் தேதி திரும்ப ரயில். ஆறு பேர். நான், என் வீட்டுக்காரர் பாரி, எங்கள் மகள் சினேகா, பூவம்மா அண்ணி, அவள் பிள்ளைகள் மகிமா, நேசன். செங்குட்டுவன் அண்ணன் வரவில்லை. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு லீவு கிடைக்காதாம். நல்லது, ஒரு பை மிச்சம்.

சாயங்காலம் முழுக்க பாரி போனில் வீடியோ பார்த்தார். குழந்தைகளோடு பயணமா, பை அடுக்கப் பத்து வழிகள். ஒரு பெண் சட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டுகிறாள். அவள் பிள்ளைகள் சோபாவில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. வாந்தி எடுக்காத பிள்ளைகளுக்கு யார் வேண்டுமானாலும் பை அடுக்கலாம்.

நான் எட்டு வருடமாகத் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். நாற்பது அடிப் பெட்டிக்குள் என்ன ஏறுகிறது, எத்தனை, எந்த வரிசையில் என்று எண்ணி எழுதுவதுதான் பிழைப்பு. கனமானது அடியில். முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். காலி இடம் விட்டால் சரக்கு ஆடும், ஆடினால் உடையும். எனக்கு அவள் பனியன் சுருட்டச் சொல்லித்தருகிறாள்.

ஆறு பையையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் குடும்பத்தை நம்பினால் ரயிலில் அம்மிக்கல் ஏறும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

வியாசர்பாடியில் அண்ணன் வீட்டுக்குப் போனேன், அண்ணி எப்படிக் கட்டியிருக்கிறாள் என்று பார்க்க. பயணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் கட்டிலுக்கடியில் பை தயார். திறந்தேன். கர்மம். எண்ணெய் பாட்டில் மேலே, அதன் கீழே வெள்ளைப் புடவை. நாக்பூரில் எல்லாரும் வெள்ளை உடுத்தி நிற்கும்போது இவள் மட்டும் எண்ணெய்ப் புடவையில் நிற்பாள்.

எனக்குக் கை சும்மா இருக்காது. மொத்தத்தையும் தரையில் கொட்டினேன். அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நாலு நாளைக்கு ஸ்வெட்டரா அண்ணி? நாக்பூர்ல இன்னா ஐஸ் கொட்டுதா? அதுவும் மூணு."

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "இன்னா ஸ்வெட்டரு?"

"பேரிஸ் கார்னர்ல சீப்பா கெடச்சுது," என்றாள் அண்ணி.

நான் விடவில்லை. அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை உருவினேன். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை. "இத யாரு கேக்கப் போறாங்க அங்க?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "ரயில்ல புள்ளைங்க வயசு கேப்பாங்கன்னு."

அண்ணன் எழுந்து வந்து அந்தக் குவியலைக் கால் விரலால் தள்ளிப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே திரும்ப அடுக்கிவிட்டு, எங்கள் வீட்டுக்குக் கல்மண்டபம் வந்து இறங்கும்வரை அண்ணியின் அறிவை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மூன்று ஸ்வெட்டர். மூன்று பேருக்கு. அண்ணனுக்கு இல்லை.

அது நாலு நாள் பை இல்லை. சரக்கைப் பார்த்தே எங்கே போகிறது என்று சொல்லுகிறவளாம் நான். தூ.

செப்டம்பர் 10, புதன்

அண்ணி தைக்கிற கம்பெனி வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"திரும்பி வர மாட்டியா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற எழிலு? உங்க அண்ணன்கிட்ட சொல்லுவியா?"

பிறகு அவளே சொன்னாள். அவள் அக்கா ரமாபாய் நாக்பூர் பக்கம் சந்திரபூரில் இருக்கிறாள், அக்கா புருஷனுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை; எந்த ஊர் என்று அண்ணனுக்குத் தெரியாது. திரும்பும் வழியில் அதற்குப் பக்கத்து ஸ்டேஷன் பல்லார்ஷாவில் இறங்கிவிட வேண்டியது. அங்கே டிசம்பரில் குளிருமாம். அதற்குத்தான் ஸ்வெட்டர்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போன பொங்கலுக்குக் கையில் கட்டோடு வந்தாள். குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். நானும் பார்த்து நடக்கக் கூடாதா என்று சொல்லிவிட்டு வடையைத் தின்றேன். என்னைப் படிக்க வைத்தவன் அண்ணன். அவனைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருப்பதே வசதியாக இருந்தது. இந்த ஊரில் என்னைப் போல வசதியான குருடி வேறு யாரும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

அண்ணன் பாரிக்கு போன் செய்து சொல்லியிருக்கிறான். நேசன் வர வேண்டாமாம். சின்னப் பையன், கூட்டத்தில் தொலைந்துவிடுவான், அவன் இங்கேயே இருக்கட்டும், மற்றவர்கள் போய் வரட்டும்.

பிள்ளையைப் பிணையாக வைத்துக்கொள்கிறான். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

செப்டம்பர் 15, திங்கள்

என் வாய்தான். ஐஸ் கொட்டுதா என்று நான் நக்கல் அடிக்காமல் இருந்திருந்தால் அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டான். அவள் மாதக்கணக்கில் ஒளித்து வைத்ததை ஐந்து நிமிடத்தில் தரையில் கொட்டினேன். பெருமையாக.

செப்டம்பர் 21, ஞாயிறு

கெஞ்சினால் அவன் மசிய மாட்டான். சின்ன வயதிலிருந்து தெரியும். கேவலப்படுத்தினால்தான் வழிக்கு வருவான். அது எனக்கு நன்றாக வரும். நேராக அவன் வீட்டுக்கே போனேன்.

"சரிண்ணா, நேசன வுட்டுட்டுப் போறோம். காலைல நாலு மணிக்கு நீ காட்டுப்பள்ளி ஹார்பர் லைன்ல வண்டியோட நிக்கும்போது அவனுக்கு யாரு கால் கழுவி வுடுவா? சோறு வடிக்கத் தெரியுமா ஒனக்கு? வெந்நி வைக்கத் தெரியுமா? சரி, வுடு. எந்தக் கிளாஸ் படிக்கிறான் சொல்லு பாப்போம்."

"ஒண்ணாவது."

"ரெண்டாவது," என்று உள்ளேயிருந்து மகிமா சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். அண்ணன் அவளையும் என்னையும் பார்த்தான்.

"கூட்டினு போங்க. ஆனா பையெல்லாம் நான் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

அண்ணி அடுப்படியில் திரும்பி நின்றபடியே இருந்தாள். தோள் மட்டும் ஆடியது.

செப்டம்பர் 26, வெள்ளி

டி.சி. வாங்காமல் கிளம்ப இருந்தாள் மகராசி. மூன்று ஸ்வெட்டர் நினைவிருக்கிறது, பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமே, அது நினைவில்லை. நான் திட்டித் தள்ளியபின் போய்க் கேட்டிருக்கிறாள். காலாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி மணி நேரத்தில் இரண்டு டி.சி.யும் கைக்கு வந்தன. டீச்சர் ஒன்றும் கேட்கவில்லையாம். பத்திரம்மா என்று மட்டும் சொன்னாராம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று அடுக்கினேன். எங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு.

அண்ணியின் மூன்று பைகள் வீடியோக்காரி பார்த்தால் கைதட்டுவாள். ஆளுக்கு இரண்டு செட், ஒரு வெள்ளை, சோப்பு, சீப்பு. நாலு நாளுக்கு ஒரு கைக்குட்டை கூட அதிகமில்லை. அண்ணன் அதைப் பார்க்கட்டும், தலைகீழாகக் கொட்டிப் பார்க்கட்டும்.

மீதி வாழ்க்கை எல்லாம் எங்கள் மூன்று பைகளில். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கம்பெனி டிபன் பையில் கொண்டுவந்து கொடுத்தவை. அடியில் அவளுடைய தையல் கத்தரிக்கோல், துணி சுற்றி. அது இல்லாமல் அங்கே பிழைக்க முடியாது. சான்றிதழ்களும் டி.சி.யும் என் பையின் அடி அட்டைக்குக் கீழே, இன்னொரு அட்டை வைத்து ஒட்டினேன். ஸ்வெட்டர்கள் தலையணை உறைக்குள். குக்கர் வேண்டும் என்றாள். குக்கருக்காக ஒரு பெண் மாட்டிக்கொள்வாளா என்று கேட்டேன்.

மகிமா தன் கபடிக் கப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அரை முழத்துக்கு இருக்கிறது. முடியாது என்று ஓரமாக வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அடிக்கட்டையைக் கழற்றி, உள்ளே ஆறு ஜோடி சாக்ஸ் திணித்தேன். கப்பும் பையில் ஏறியது, காலி இடமும் இல்லை.

எங்கள் மூவருக்கும் ஒரு வெள்ளை, ஒரு மாற்று. பாரி எட்டிப் பார்த்தார். "நாலு நாளும் ஒரே பேண்ட்டா?"

"ஆமா."

அவருக்கு எல்லாம் தெரியும், போன வாரமே சொல்லிவிட்டேன். தன் ஷேவிங் டப்பாவையும் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். "தாடியோட போனா எவன் கேக்கப் போறான்?"

இந்த மனிதரைப் பற்றி இதுவரை எழுதியதில் பாதியை அடிக்கலாம். பாதிதான்.

செப்டம்பர் 30, செவ்வாய் — ரயிலில்

சோதித்தான். பிளாட்பாரத்திலேயே, எல்லார் முன்னாலும், அண்ணியின் மூன்று பைகளையும் ஜிப் திறந்து கைவிட்டுத் துழாவினான். மகிமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

என் பையைத் திறக்கவில்லை. தங்கச்சி பை. அவனே தூக்கி வந்து சீட்டுக்கடியில் தள்ளினான்.

"இன்னாடி இவ்ளோ வெய்ட்டு?"

"பாரிக்கு ஒரு நாளைக்கு ஒரு பேண்ட் வேணுமாம்," என்றேன். சிரித்தான். பிள்ளைகளுக்கு பிஸ்கட், எனக்குப் பிடித்த கமர்கட் வாங்கிக் கொடுத்தான். ரயில் நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான்.

நெஞ்சு வலிக்கிறது. இருந்தாலும் ஒரு பையைக் கூட நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

எங்கே பார்த்தாலும் வெள்ளை. நேசன் பாரியின் தோளில். பஞ்சசீலம் சொன்னோம். பொய் சொல்வதைத் தவிர்ப்பேன் என்ற வரி வந்தபோது அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சத்திரத்துக்கு வந்து எல்லாப் பைகளையும் பிரித்து மறுபடி அடுக்கினேன். நாளைக்கு பல்லார்ஷாவில் ரயில் நிற்கும் நேரத்துக்குள் அவர்கள் சரக்கு முழுதும் இறங்க வேண்டும்.

அக்டோபர் 4, சனி

நேற்று மதியம் இறக்கினோம். மூன்று ஆள், நாலு பை. ரமாபாய் அக்கா பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "போ அண்ணி, வண்டி எடுத்துருவான்," என்று அதட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. கடைசிவரை இவளுக்கு நேரம் தெரியாது.

இன்று காலை சென்ட்ரலில் அண்ணன் ஆட்டோ பேசி வைத்துக்கொண்டு நின்றான். எங்கள் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான்.

"அவங்க எங்க?"

"எறங்கிட்டாங்க."

"எங்க எறங்கிட்டாங்க? அவளுக்கு அவ்ளோ தெகிரியம் ஏது? யாரு பண்ண வேல இது?"

"நான்தான் பை கட்னேன்," என்றேன்.

கை ஓங்கினான். பாரி குறுக்கே வந்து நின்றார், ஐந்து நாள் தாடியோடு. அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். அவள் கட்டோடு நின்றபோது வராத அழுகை. பார்க்கச் சகிக்கவில்லை. நானும் அழுதேன், அது வேறு விஷயம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணன் வந்தான். இளைத்திருக்கிறான். வாசலிலேயே நின்றான்.

"நேசனுக்குப் பொறந்த நாளு வருது. நான் அட்ரஸ் கேக்க மாட்டேன். அங்க போவவும் மாட்டேன். இத மட்டும் அனுப்பி வுடு எழிலு."

பொம்மை டிரெய்லர். மஞ்சள் தலை, பின்னால் சிவப்புப் பெட்டி. அவன் ஓட்டுகிற வண்டி மாதிரியே தேடி வாங்கியிருக்கிறான். உள்ளே வந்து சாப்பிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டான். மாறியிருப்பானோ?

அக்டோபர் 27, திங்கள்

பார்சல் கட்ட எடுத்தேன். கையில் தூக்கியதும் தெரிந்தது. இந்த அளவு பிளாஸ்டிக்குக்கு இந்த எடை கிடையாது.

சிவப்புப் பெட்டியின் கதவை நெம்பினேன். உள்ளே கறுப்பு டேப் சுற்றி ஒரு சின்ன டப்பா. வண்டி எங்கே ஓடுகிறது என்று முதலாளிக்குக் காட்டிக் கொடுக்க வைக்கிற ஜி.பி.எஸ். யார்டுக்கு வருகிற டிரெய்லர்களில் தினம் பார்க்கிறேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

பெற்ற பிள்ளையின் பிறந்த நாள் பொம்மைக்குள். சாப்பிட்டுப் போ என்றேனே அவனை.

நவம்பர் 9, ஞாயிறு

பொம்மை போய்ச் சேர்ந்தது. டப்பா இல்லாமல். நேசன் போனில் பேசினான். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம், இந்தியில் பத்து வரை எண்ணிக் காட்டினான். அண்ணிக்கு ஒரு தையல் கடையில் வேலை.

"அப்பா வாங்குனாரா அத்தே?"

"ஆமாண்டா."

அது பொய் இல்லை.

டப்பா எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் இருக்கிறது. தூக்கிக் கடலில் எறி என்றார் பாரி. எறியவில்லை. அணைந்துபோனால் அவன் வேறு வழி தேடுவான். இப்போதைக்கு, பார்சல் இன்னும் கிளம்பவில்லை என்றோ, அவர்கள் இங்கேதான் ஒளிந்திருக்கிறார்கள் என்றோ நினைத்துக்கொண்டிருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறேன். தேடி வந்தால் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவான். வரட்டும், நான் இருக்கிறேன்.