தொட்டில் பலகையில் ஆறு கால்

1909 அக்டோபர் 20, புதன், பாளையங்கோட்டை

காலை 10.40. தூறல். மூன்றாம் வகுப்பு, பின்னக் கணக்கில் அரைக்கால் பாடம். நடுவில் தந்தி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாமனார். பிரசவத்தில் எஸ்தர் மரணம், பெண் குழந்தை சுகம், உடனே வரவும்.

ஹெட்மாஸ்டர் வாங்கிப் படித்தார். தோளில் கை வைத்தார். அப்புறம்: "ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வார நேரம் வே. உம்ம வட்டத்துண்டுகளைப் பாக்கத்தான் வாராரு. காட்டிட்டுப் போயிருமே."

நின்றேன்.

தேக்குத் துண்டுகள்: முழு வட்டம் 2, அரை 4, கால் 8, அரைக்கால் 16. எல்லாம் தொட்டிலுக்கு வாங்கின பலகை. கைத்தொழில் பள்ளியில் பழகின கை, போன வாரம் ஒரே மூச்சில் அறுத்தேன். பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று வாரம், வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு.

இன்ஸ்பெக்டர் கேள்வி: ஒன்றரைக்குள் எத்தனை கால்? பையன்கள் ராகம் போட்டு ஒப்பிக்கவில்லை. அடுக்கிப் பார்த்தார்கள். "ஏலே, அதை இங்கன வை." "தள்ளுலே, அது அரைக்காலு." ஆறு என்றார்கள். இன்ஸ்பெக்டர் கை தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருந்தது என்றே எழுதி வைக்கிறேன்.

12.10க்கு மாட்டுவண்டி.

அக்டோபர் 21, வியாழன், ஸ்ரீவைகுண்டம்

நேற்று வந்து சேர்ந்தது மாலை 6. 4.45க்கே பெட்டியை மூடி அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். மழை கறுத்ததாம், பாதிரியார் அதற்குமேல் பொறுக்கவில்லை. ஈர மண். செவ்வந்தி.

அழுகை வரவில்லை. கணக்குதான் வந்தது. பள்ளிக்கூடத்தில் நின்றது ஒன்றரை மணி. ஆறு கால். நிற்காமல் கிளம்பியிருந்தால் 4.30க்கு இங்கே. கால் மணி எஸ்தர் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

மாமியார்: "தந்தி பன்னெண்டு மணிக்குத்தான் கெடச்சிதாம்லா. ஒங்க ஹெட்மாஸ்டர் எழுதிருக்காரு. நீங்க என்ன செய்விய மாப்ளே."

அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். தலையாட்டினேன்.

குழந்தை சேலைத் தொட்டிலில். தூக்கச் சொன்னார்கள். கை ஈரம் என்றேன்.

"மரத்தொட்டில் செய்யுதேன்னு அவகிட்ட சொன்னியளாமே. ஞானஸ்நானத்துக்குள்ள ஆயிருமா?"

"பலகை வரணும் அத்தை."

இரண்டாவது பொய்.

அக்டோபர் 25, திங்கள்

மறுபடி பாளையங்கோட்டை. வெயில். வாங்க வேண்டியது: விளக்குத் திரி, சோப்பு, உப்பு. எஸ்தர் சீப்பு அலமாரியில், முடியோடு. தொடவில்லை.

ஹெ.மா.: "இன்ஸ்பெக்டர் ரொம்ப மெச்சுதாரு. இன்னும் ரெண்டு செட் செய்யணுமாம்."

"அந்தத் துண்டுகளை நான் எடுத்துக்கிடுதேன் ஐயா. அது தொட்டில் பலகை."

"துண்டுகளை ஒட்டித் தொட்டில் செய்வீராக்கும்? சாமான் புஸ்தகத்துல ஏத்தியாச்சு வே."

அவர் சொன்னது சரி. ஒட்டினால் ஒரு பூனையைக்கூடத் தாங்காது. வட்டம் அறுத்த மிச்சமும் அடுப்புக்குப் போயாயிற்று. எஸ்தரை ஊருக்கு அனுப்பியபின் நானே பொங்கின சோறு.

அக்டோபர் 27, புதன்

அரைக்கால் துண்டு ஒன்று குறைந்தது. பதினைந்துதான். மேசைக்கு அடியில், பைகளில் தேடல். கத்தினேன். கடைசி வரிசைப் பையன் எழுந்தான்.

"ஸார்வாள், நாந்தான் கொண்டு போனேன். பாடம் காட்டலாம்னு. தங்கச்சிக்குப் பல்லு மொளைக்குது. பிடுங்கிக் கடிச்சிக்கிட்டே கெடக்கா, விட மாட்டேங்கா. தூங்குனப்புறம் பைய உருவிட்டு வந்துருதேன்."

வகுப்பு சிரித்தது. "லே, கணக்கைத் தின்னுட்டாளா உன் தங்கச்சி!"

கொண்டுவர வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 29, வெள்ளி

மாமியாருக்குக் கடிதம். நாலு வரி. தந்தி கிடைத்தது 10.40. பன்னிரண்டு என்பது பொய். இன்ஸ்பெக்டருக்காக நின்றேன், யாரும் கட்டிப்போடவில்லை. தொட்டில் பலகையை நான்தான் துண்டு போட்டேன்.

தபால்காரர் கையிலேயே கொடுத்துவிட்டேன். "பதில் வந்தா பள்ளிக்கூடத்துல தரவா, வீட்டுலயா ஸார்வாள்?"

எங்கேயும் வேண்டாம், என் பேருக்கு எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும் என்று சொல்லிவிட்டேன்.